பாய் இறக்கும் பருவம்



கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களையும் வெண்பலகையில் எழுதி மாணவர்களை ஒப்புவிக்கச் செய்யாத தமிழாசிரியர் நம் நாட்டில் எவரேனும் உண்டோ? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அதனைச் செய்தவன்தான். ஆண்டுதோறும் எவனாவது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இவற்றுள் நம் நாட்டில் எது இருக்கிறது?" என்று கேட்பான். இன்னொருவன் முந்திக்கொண்டு, "நமக்கு மழைக்காலம், வெயில்காலம், டுரியான் காலம்" என்பான். வகுப்பே சிரிக்கும். கூதிர் என்றால் என்னவென்று உடலால் அறியாத ஆசிரியன், அதனை அறிய வாய்ப்பில்லாத மாணவர்க்குக் கற்பிக்கும் நிலை நம்முடையது. இலையுதிர்காலம் என்பது நமக்கு நாள்காட்டிப் படத்திலுள்ள மஞ்சள் மரம், அவ்வளவுதான்.

பணி ஓய்வு பெற்றபின் 2024ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் திங்களில் ஏழு வாரங்கள், சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பணிபுரியும் எங்கள் மகளின் வீட்டில் நானும் என் துணைவியாரும் தங்கியிருந்தோம். மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் முதிய இணையர் வாழ்கின்றனர். பெரியவருக்கு அகவை 78, அம்மையாருக்கு 75. அவர் கப்பல் பட்டறையில் வரைவாளராக இருந்தவர். அம்மையார் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான் ஆசிரியன் என்று மகள் அறிமுகம் செய்ததும் அம்மையார் என் கையைப் பற்றிக் குலுக்கிய குலுக்கில், எந்த நாட்டிலும் ஆசிரியர் ஆசிரியரை அடையாளம் கண்டுகொள்வர் என்று தோன்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மகள் அவ்விருவரையும் பெயர் சொல்லியே அழைக்கிறாள். "என்னம்மா இது, தாத்தா பாட்டி அகவை உடையவர்களை!" என்று என் துணைவியார் பதறிப்போனார். சுவீடிய மொழியிலும் ஒரு காலத்தில் பட்டமும் பதவியும் சேர்த்துத்தான் விளித்தார்களாம். 1960களின் இறுதியில் அவ்வழக்கம் மறைந்து, அனைவரையும் 'நீ' என்றே அழைப்பது பொதுவாயிற்று. நாங்கள் இருவரும் கடைசிவரை அம்மையாரைத் 'திருமதி' என்றே அழைத்தோம். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்களுக்கு அதுவே நிறைவாக இருந்தது.

அவர்களிடம் ஒரு பாய்மரப் படகு உண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து கிழக்கே பால்டிக் கடலுக்குள் ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அந்நகரில் படகு வைத்திருப்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று எண்ணிவிட வேண்டா. அவர்களுடையது ஆல்பின் வேகா எனும் வகை, 8.25 மீட்டர் நீளம். 1960களின் நடுவிலிருந்து 1979 வரை கண்ணாடியிழையால் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட, எளிய குடும்பங்களின் படகு. இவர்கள் 1985இல் அதனைப் பழைய படகாகவே வாங்கினர். 'தேர்னா' என்று பெயர் சூட்டியுள்ளனர். கடற்கரையோரம் பறக்கும் ஆலாப் பறவையை அவர்கள் மொழியில் அவ்வாறு அழைப்பர். 2024, அவர்கள் தேர்னாவைச் செலுத்திய நாற்பதாவது பருவம்.

"கோடையில் வந்திருக்கலாமே" என்று நான் வாய்தவறிச் சொன்னபோது பெரியவர் மறுத்தார். சூலையில் தீவுகளெங்கும் கூட்டம், படகுகட்ட இடமிராது. பள்ளி திறந்ததும் எல்லாரும் நகருக்குத் திரும்பிவிடுவர். கோடையெல்லாம் வாங்கிய வெப்பத்தைக் கடல்நீர் மெல்ல மெல்லத்தான் இழக்கும். ஆகவே செப்டம்பரில் காற்று குளிர்ந்தாலும் நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. காற்றோ கோடையைவிட வலுவாக வீசும். "கோடை விருந்தினருக்கு, இலையுதிர்காலம் எங்களுக்கு" என்றார் அவர்.

முதல் பயணம் செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. மகளும் உடன் வந்தாள். பங்கோர் தீவுக்குச் செல்லும் விசைப்படகைத் தவிர வேறெதிலும் கடல்மீது போயிராத என் துணைவியார், உயிர்காப்பு மேலங்கியை அணிந்துகொண்டு முருகனை நினைத்தபடி அமர்ந்திருந்தார். வாக்ஸ்ஹோல்ம் எனும் சிற்றூரின் கோட்டையைக் கடக்கும்போது, பின்லாந்துக்குச் செல்லும் பெருங்கப்பல் ஒன்று அடுக்குமாடிக் கட்டடம் நகர்ந்து வருவதைப்போல் எங்களை ஒட்டியே சென்றது. சுக்கான் அம்மையார் கையில். பாய்களை இழுப்பதும் தளர்த்துவதும் பெரியவர் வேலை. தொடக்கத்திலிருந்தே அப்படித்தானாம். நான் அறிந்த வரையில், மகிழுந்தில்கூடத் துணைவியாரிடம் ஓட்டத்தை ஒப்படைக்கும் கணவர்கள் நம்மில் குறைவு!

பொறியை அணைத்ததும் உண்டான அமைதியைச் சொல்லில் கொண்டுவருவது கடினம். நீர் படகின் விலாவைத் தடவிச் செல்லும் ஒலி மட்டுமே. இருபுறமும் தீவுகளில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அவற்றின் நடுவே ரோவன் எனும் மரத்தில் செந்நிறக் கனிகள் கொத்துக்கொத்தாய். கோடை வீடுகளின் சாளரங்கள் பலகையிட்டு மூடப்பட்டிருந்தன. தலைக்குமேல் வாத்தினப் பறவைகள் அம்புமுனை வடிவில் அணிவகுத்துத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. ஆலாக்கள் எப்போதோ புறப்பட்டுவிட்டன என்றார் பெரியவர்.

மக்கள் வாழாத ஒரு தீவின் பாறையோரத்தில் படகை நிறுத்தினர். அந்நாட்டில் அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. பிறர் வீட்டு முற்றத்தை விட்டு விலகியிருந்து, எதனையும் கெடுக்காமல் நடந்துகொண்டால், எவரும் பொதுவாகத் தீவுகளில் இறங்கலாம், ஓரிரவு தங்கலாம், காட்டுப்பழமும் காளானும் பறிக்கலாம். இயற்கையை நாடும் இவ்வுரிமை அவர்களின் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது.

பாறையோரம் படகு கட்டும் முறை அறியத்தக்கது. பால்டிக் கடலில் ஏற்றவற்றம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் படகைப் பாறையோடு நெருக்கமாகவே கட்டலாம். முதலில் படகின் பின்புறத்திலிருந்து நங்கூரத்தை இறக்கிவிட வேண்டும். பின்னர் மூக்கைப் பாறையை நோக்கி மிக மெல்லச் செலுத்த வேண்டும். இன்னும் ஒரு முழம் இருக்கிறது என்னும்போது, கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் பாறைமேல் தாவ வேண்டும். தாவுகிறவர் சிறிது தயங்கினால் படகு பாறையில் மோதும். அவசரப்பட்டால் அவர் நீரில் விழுவார். முப்பத்தெட்டு ஆண்டுகள் தாவியவர் பெரியவர். அன்று கயிற்றை எடுத்து முன்னே சென்றவள் எங்கள் மகள். பெரியவர் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்போது இல்லை... இப்போது இல்லை... இப்போது!" என்று சொல்லிக்கொடுத்தார்.

காரணத்தை மகள் பின்னர் எங்களிடம் சொன்னாள். அவருடைய இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாகவே அவரால் தாவ முடியவில்லை. ஆகவே அவ்விணையர் தனியே செல்லும்போது, படகுத்துறை உள்ள தீவுகளுக்கு மட்டுமே செல்கின்றனர். முப்பதாயிரம் தீவுகள் இருந்தும் அவர்களுக்கு எஞ்சியவை சிலவே. எங்கள் மகளோ வேறு நண்பர்களோ உடன் வந்தால்தான் பழைய பாறைகளுக்குப் போக முடிகிறது. அன்று அத்தீவில் இறங்கியபோது அம்மையார் எதனையோ தேடுவதைப்போல் சுற்றுமுற்றும் பார்த்தது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பாறையின் சரிவில், கயிறு கட்டுவதற்காக அவர் கணவர் என்றோ அடித்து வைத்திருந்த இரும்பு வளையத்தைத் தேடியிருக்கிறார்.

அன்று காட்டுக்குள் சென்று ஒரு கூடை காளான் பறித்தோம். எது உண்ணத்தக்கது, எது நஞ்சு என்பதை அம்மையார் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். ஐயமுள்ளதைக் கூடையில் போடவே விடவில்லை. ஆசிரியை ஆயிற்றே! மறுநாள் என் துணைவியார் அதில் பாதியை மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார். பெரியவர் கண்ணில் நீர் வர, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.

இரண்டாவது பயணம் மழையோடு போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதே அப்பருவத்தின் இறுதிப் பயணம். அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. அந்நாட்டில் அது இலவங்கப்பட்டை ரொட்டி நாள். 1999 முதல் அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிக் கொண்டாடுகிறார்கள். மகளுக்கு வேலை, நாங்கள் நால்வர் மட்டுமே சென்றோம். வெப்பநிலை 10 பாகைக்கும் குறைவு. கையுறைக்குள் என் விரல்கள் மரத்துவிட்டன. கூதிர் என்ற சொல்லின் பொருளை அன்று என் விரல் நுனிகள் கற்றுக்கொண்டன. கிரிண்டா எனும் தீவின் படகுத்துறையில் எங்களைத் தவிர வேறு படகே இல்லை. அங்கே கயிற்றை வாங்கித் தூணில் சுற்றியவர் என் துணைவியார் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

ரொட்டியும் காப்பியும் அருந்தியபோது அம்மையார் சாதாரணமாகச் சொன்னார்: "இதுவே இறுதியாகவும் இருக்கலாம்." பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பருவத்தின் இறுதி" என்று திருத்தினார். அம்மையார் மறுத்துப் பேசவில்லை. நான் தீவின் மரங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். கணவன் மனைவிக்கிடையே ஒரு சொல்லின் வேறுபாட்டில் எவ்வளவு அடங்கிவிடுகிறது!

அறுவைச் சிகிச்சைக்குப்பின் அவர் மீண்டும் படகேறுவாரா என்பதை மருத்துவர் உறுதிகூறவில்லை. விற்றுவிடலாமே என்றால், ஐம்பது ஆண்டு பழமையான கண்ணாடியிழைப் படகுகளை வாங்க அந்நாட்டில் ஆள் கிடைப்பது அரிது. மரப்படகாயின் மட்கிப்போகும்; கண்ணாடியிழை மட்காது. இலவசமாகக் கொடுத்தாலும் கொள்வாரின்றி, இறுதியில் காசு கொடுத்து உடைக்கும் இடத்திற்கு அனுப்பப்படும் படகுகள் உண்டு. அவர்களுடைய மகனோ கடலில்லாத வேறொரு நகரில் வாழ்கிறார். படகில் ஈடுபாடு இல்லாதவர். இவ்வாறிருக்க, அடுத்த ஆண்டு நீரில் இறங்குமா என்றே தெரியாத ஒரு படகைக் குளிர்காலத்திற்கு ஆயத்தம் செய்ய அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்ட பாட்டைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்பினேன்.

அத்துணைப் பாடு எதற்கு என்று நம்மைப்போல் வெப்பநாட்டில் வாழ்வோர் கேட்கலாம். நம் கிழக்குக் கரையிலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திரெங்கானு மீனவர் படகுகளைக் கரையேற்றி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே பகை அலை; இங்கே பகை பனிக்கட்டி. பெருங்கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. ஸ்டாக்ஹோம் தீவுக்கடலில் ஏறத்தாழ 6 கிராம் மட்டுமே. ஆகவே சுழியப் பாகைக்குச் சற்றுக் கீழே சென்றதும் அது உறையத் தொடங்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும் என்பதை அறிவியல் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். பொறியின் குழாய்களுக்குள் ஒரு கோப்பை நீர் தங்கிவிட்டாலும், அவ்விரிவு வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஆகவே படகின் எந்த மூலையிலும் நீர் தங்கலாகாது. அத்தனை வேலையின் சாரமும் இதுதான்.

காற்றில்லாத, மழையில்லாத ஒரு நாளில் பாய்களைக் கழற்றினர். நல்ல நீரில் உப்பைப் போக்கி, அடுக்ககத்தின் துணி உலர்த்தும் அறையில் விரித்துக் காயவைத்தனர். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்த பாயை மடிப்பதற்கு இருவர் வேண்டும். புடைவை மடிப்பதைப்போல் இருமுனையிலும் பிடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நெருங்கி வர வேண்டும். என் துணைவியார் அதனைப் பார்த்துப் புன்னகைத்தார். வீட்டில் நாங்கள் போர்வை மடிக்கும்போது எங்களுக்குள் சண்டைதான் வரும்.

பொறியின் எண்ணெயைப் பொறி சூடாக இருக்கும்போதே மாற்றினார் பெரியவர். ஓடித் தேய்ந்த எண்ணெயில் புளிமமும் கசடும் சேர்ந்திருக்கும்; அதனைக் குளிர்காலம் முழுதும் உள்ளேயே விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். டீசல் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினார். வெற்றிடம் இருந்தால் அங்குள்ள காற்றிலிருந்து ஈரம் நீர்த்துளியாகப் படியும் என்பது காரணம். குடிநீர்த் தொட்டியைக் காலிசெய்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். கழிவறைத் தொட்டியைத் துறைமுகத்தில் உள்ள உறிஞ்சியில் காலிசெய்தனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், உல்லாசப் படகுகள் கழிவைக் கடலில் கொட்டுவது அந்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. மின்கலங்களை முழுமையாக மின்னேற்றி வைத்தனர். நிறைந்த மின்கலம் கடுங்குளிரையும் தாங்கும். வெறுமையானது எளிதில் உறைந்து பிளந்துவிடும். மெத்தைகள், துணிகள், தகரத்தில் அடைத்த உணவு எல்லாம் வீட்டுக்கு வந்தன. சுருங்கச் சொன்னால், ஒரு சிறு வீட்டைக் காலிசெய்வதுபோல் இருந்தது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, பாரந்தூக்கி வரும் நாள். அவர்கள் உறுப்பினராக உள்ள படகு மன்றம் ஒரு பெரிய பாரந்தூக்கி வண்டியை அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களின் படகுகள் அனைத்தையும் வரிசையாகக் கரையேற்றுகிறது. கூலியாட்கள் இல்லை. மருத்துவரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே நிறத் தலைக்கவசம் அணிந்து கயிறு பிடிக்கின்றனர். பட்டியலில் உள்ளவாறு ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. தன் படகு ஏறியதும் வீட்டுக்குக் கிளம்பும் வழக்கம் அங்கில்லை. இறுதிப் படகு ஏறும்வரை இருக்க வேண்டும். சிறுவர்களைப் பாரந்தூக்கியின் அருகே விடுவதில்லை. ஆயினும் அவர்களுக்கும் பணி உண்டு: மன்றக் கட்டடத்தின் முன் மேசையிட்டுக் காப்பியும் ரொட்டியும் விற்பது, காசை எண்ணிக் கணக்கெழுதுவது. பத்து அகவைச் சிறுமி ஒருத்தி மீதிச் சில்லறையை என் கையில் எண்ணிக் கொடுத்த நேர்த்தியைக் கண்டு, நம் பள்ளிச் சிற்றுண்டி விற்பனை நாளில் பெற்றோரே எல்லாவற்றையும் செய்துவிடுவதை எண்ணிக்கொண்டேன். பெற்றோர்கள் சினவற்க!

தேர்னாவின் முறை பிற்பகலில் வந்தது. பாய்மரத்தை அதற்கு முன்னரே இறக்கிக் கிடத்தியிருந்தனர். அடிவயிற்றில் இரண்டு அகன்ற பட்டைகளைக் கொடுத்துத் தூக்கியபோது, நீர் ஒழுக ஒழுக அது காற்றில் தொங்கிற்று. நீருக்குமேல் அழகிய சிறு படகாகத் தெரிந்தது, அடியில் எவ்வளவு ஆழமும் எடையும் கொண்டது என்பதை அப்போதுதான் கண்டேன். அடிப்புறமெங்கும் கொட்டலசு ஒட்டியிருந்தது. சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டு ஒட்டி வளரும் இச்சிற்றுயிரை ஈரம் காய்வதற்குள் சுரண்டிவிட வேண்டும்; காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும். ஆகவே, நீர்பீய்ச்சும் கருவியோடு ஒருவர், சுரண்டியோடு இருவர் என்று விரைந்தனர். கழுவிய நீர் கடலுக்குத் திரும்பாமல் தனித் தொட்டியில் சேர்கிறது. அடிப்புறச் சாயத்தில் உள்ள செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதே காரணம்.

பெரியவரால் குனிய முடியவில்லை. அவர் ஒரு முக்காலியில் அமர்ந்து, படகின் அடிக்கட்டையைத் தாங்கும் மரத்துண்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் நின்ற முப்பது அகவை இளைஞர் ஒருவர், "நான் செய்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்று மூன்று முறை சொல்லியும், நான்காவது மரத்துண்டை அவரே எழுந்து போய்த் தட்டி வைத்தார்.

படகு தாங்கியில் அமர்ந்தபின் ஓர் இறுதி வேலை. பொறி நீரை உறிஞ்சும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டனர். வாளியில் உறைதடுப்பு நீர்மம், நிறமூட்டப்பட்டது. அம்மையார் பொறியை முடுக்கினார். பெரியவர் பின்புறம் நின்று, புகைபோக்கியிலிருந்து வெளிவரும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தெளிந்த கடல்நீர் வந்தது, பிறகு வெளிறிய நிறம், பிறகு அடர்நிறம். அவர் கையை உயர்த்தினார். அம்மையார் பொறியை அணைத்தார். உள்ளிருந்த கடல் முழுவதும் வெளியேறிவிட்டது என்று பொருள். அந்த ஒரு நிமிடத்தில் இருவரும் பேசவே இல்லை.

அடுத்த வாரம் படகின்மேல் மரச்சட்டங்களால் கூரை போன்ற எலும்புக்கூடு ஒன்றைக் கட்டி, தார்ப்பாய் போர்த்தினர். முகடு உயர்ந்து சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையேல் பனி வழுக்கி விழாமல் தங்கி, அதன் எடையில் சட்டமே முறியும். முன்னும் பின்னும் காற்றுப்போகத் திறப்பு வேண்டும். தார்ப்பாயின் கயிறுகளைப் படகைத் தாங்கும் கால்களில் கட்டவே கூடாதாம். புயல் தார்ப்பாயை உதறும்போது, கயிறு அக்கால்களை அசைத்து அசைத்துத் தளர்த்தி, படகையே சாய்த்துவிடும். ஆகவே நீர் நிரப்பிய நெகிழிக் கலங்களைக் கயிற்று நுனிகளில் தொங்கவிடுகின்றனர். நானும் பதினெட்டுக் கலங்களைச் சுமந்தேன் என்பது என் பங்களிப்பு. செப்டம்பர் நடுவில் மாலை ஏழு மணிக்கு மறைந்த கதிரவன், அப்போது ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிட்டது. இறுதி முடிச்சுகளைக் கைவிளக்கின் ஒளியில் போட்டனர்.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய மாலை, அம்மையார் பயணக் குறிப்பேட்டை எங்களிடம் காட்டினார். 1985 முதல் ஆண்டுக்கொன்றாக நாற்பது ஏடுகள். நாள், காற்றின் திசை, சென்ற தீவு, கட்டிய இடம், உடன் வந்தவர் என எல்லாம் அவர் கையெழுத்தில். ஒவ்வோர் ஏட்டின் இறுதிப் பக்கத்திலும் 'வேனிலில் செய்ய வேண்டியவை' என்ற பட்டியல். எங்கள் மகள் அவற்றைப் படித்துச் சொன்னாள். பழைய ஏடுகளில் அப்பட்டியல் ஐந்தாறு வரிதான். அதுவும் அரைகுறைச் சொற்களில். "முன் கதவு – ஒழுகல்", "அந்தத் திருகாணி – மாற்று" என்பதுபோல. எந்தத் திருகாணி என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

2024ஆம் ஆண்டின் பட்டியல் நான்கு பக்கம். எந்த அடைப்பிதழ் எங்கே இருக்கிறது, அதனை எப்பக்கம் திருப்பினால் மூடும், எந்தக் கயிற்றில் எந்நிற நூல் கட்டப்பட்டுள்ளது, பொறி குளிரில் முரண்டு பிடித்தால் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று முழு வாக்கியங்களில் எழுதியிருந்தார். படகின் உட்புறத்தைப் பெரியவர் வரைந்து எண்ணிட்டிருந்தார். வரைவாளரின் கை அல்லவா, கோடுகள் இன்னும் நடுங்கவில்லை. மகள் படிக்கப் படிக்க, நான் அதனை உடனே கண்டுகொண்டேன். பணி ஓய்வுக்கு முந்தைய வாரத்தில் நாம் ஒவ்வொருவரும் எழுதி வைக்கும் பணி ஒப்படைப்புக் கோப்பு அது. வருபவர் யாரென்று தெரியாமலே எழுதுவது. இரவு உணவின்போது பெரியவர் மீண்டும், "மே மாதம் இறக்கியதும் முதலில் அந்த வளையம் உள்ள தீவுக்குத்தான்" என்றார். அம்மையார் அவருக்கு உருளைக்கிழங்கைப் பரிமாறியபடி, "ஆம்" என்றார்.

2025ஆம் ஆண்டு வேனிலில் தேர்னா நீரில் இறங்கவில்லை. பெரியவருக்கு அறுவைச் சிகிச்சை அப்போதுதான் நடந்தது. கோடை முழுதும் அது தார்ப்பாய்க்குள்ளேயே இருந்தது. இலையுதிர்காலம் வந்ததும் இருவரும் மன்றத்திற்குச் சென்று, நைந்துபோன கயிறுகளை மாற்றி, கலங்களில் நீர் நிரப்பி, மின்கலங்களை மின்னேற்றி வந்தனராம். பெரியவர் ஒரு கைத்தடியுடன் நடக்கிறார். ஏணியில் இரண்டு படிவரை ஏறினார் என்று மகள் சொன்னாள். மரத்துண்டு வைக்க உதவிய அந்த இளைஞரும் அவருடைய துணைவியும் படகை இருமுறை வந்து பார்த்திருக்கின்றனர். இரண்டாம் முறை வந்தபோது அப்பெண் குறிப்பேட்டை வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்திருந்தாள். விலை இன்னும் பேசப்படவில்லையாம்.